முன்னிலை ஒருமை

பரந்தனில் டயர் கடைக்குப் பின்னால்
காற்றடிக்கிற கொம்பிறசர் ஓய்ந்த பிறகுதான்
எங்களுக்கு நேரம்.
ஏழரைக்கு மேல். கரண்ட் இருந்தால்.
யூட்டின் டிரம்ஸில் ஒன்று டிரம் இல்லை,
எழுத்து அரைவாசி அழிந்த நீலப் பரல்,
ஒருகாலத்தில் நிவாரணத் தண்ணீர் வந்தது.
அதற்குத்தான் நல்ல சத்தம்.

பாட்டை நான் எழுதினேன்.
லீசிங் கொம்பனியின் ரசீதுப் புத்தகத்தில்
ஒரு ஒற்றையின் பின்பக்கத்தில்,
தர்மபுரத்தில் ஒருவரின் லாண்ட்மாஸ்டரைத்
தூக்கிக்கொண்டு வந்த நாளில்.
கையெழுத்து வாங்கியது நான்தான்.
அவர் ஏசவில்லை. திறப்பைத் தந்து
"கிளச் கொஞ்சம் இறுக்கம், பாத்து" என்றார்.

அன்றிரவு வந்தது ஒரே வரி:
நீ எண்ணினாய் அல்லவா, இன்னொருக்கா எண்ணு.
மிச்சமெல்லாம் அதைச் சுற்றிக் கத்தல்.
எழில்வேந்தன் பதினாறு தரம் பாடுவான்,
பதினேழாவதில் கிற்றார் மட்டும்.

முதலில் வந்தவர் சிவில் உடுப்பில் வந்தார்.
தேத்தண்ணி குடித்தார். டயர் விலை விசாரித்தார்.
பிறகு, பாட்டைச் சிங்களத்தில் எழுதித் தரட்டாம்,
இரண்டு பிரதி.
எழுத எழுதப் பாட்டு மெலிந்தது.
கத்தல் இல்லாமல் பார்க்க
எங்கள் கொம்பனி அனுப்புகிற நினைவூட்டல் கடிதம்போல.
நீ என்ற சொல்லில் பேனை முனையை வைத்துக் கேட்டார்:
இது யார்?
இலக்கணத்தில் முன்னிலை ஒருமை, என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.
பெயரும் முதலெழுத்தும் என்று நினைத்தாரோ தெரியாது.

தேர்தல் வந்தது.
ஒரு கட்சி பத்தாயிரம் தந்தது.
"அரசாங்கத்துக்கு நல்ல அடி தம்பி" என்றார் வேட்பாளர்.
அடுத்த கிழமை மற்றக் கட்சி, பன்னிரண்டாயிரம்.
"உவங்களுக்கு நல்ல அடி."
அதே மேடை, அதே ஜெனரேற்றர்,
அதே பொடியள் முன்வரிசையில் துள்ளினார்கள்.
காசை எண்ணினோம்.
இன்னொருக்கா எண்ணினோம், ஐந்நூறு குறைந்தது.
அந்த ஐந்நூறுக்குத்தான் எங்களுக்கு
முதன்முதலாக உண்மையான கோபம் வந்தது.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஒருத்தரிலயும் படாத கல்லுக்கு
எல்லாரும் கைதட்டுவாங்கள்" என்றான் யூட்.
சொல்லிவிட்டுப் பரலுக்கு ஒரு உதை.

பிறகு கிளிநொச்சியில், வீதியோரக் கொட்டகையில்
ஆண்டு நிறைவு என்று கூப்பிட்டார்கள்.
நிறைவு என்ற சொல்லை அதற்கு யார் வைத்தார்களோ.
ஜெனரேற்றர் இல்லை. ஒரே ஒரு கிற்றார்.
பிளாஸ்ரிக் கதிரைகள், மடியில் லமினேற் செய்த படங்கள்,
ஏ-ஒன்பதில் போகிற பஸ் ஒவ்வொன்றும்
ஒரு வரியைக் கொண்டு போனது.
ஆறாம் தரம் பாடும்போது
புவனலோசினி என்கிற அம்மா கையைத் தூக்கினா.
எழில் நிறுத்தினான்.

"எண்ணிப்போட்டன் தம்பி," என்றா.
"ஒண்டு."

அந்த நீ தான்தான் என்று நினைத்துவிட்டா.
பாடிய எல்லா மேடையிலும்
தனக்கு என்று கேட்ட ஒரே ஆள்.
மிச்சப் பத்துத் தரத்தை
எழில் பாடவில்லை. கிற்றாரின் ஆறு நரம்பையும்
தேவையில்லாமல் திருப்பித் திருப்பி முறுக்கினான்.
எங்களுக்கு மாரி பிஸ்கட்டும் சோடாவும் தந்தார்கள்.

திங்கட்கிழமை விசுவமடு. தவணை எடுக்கிற நாள்.
ஒரு அக்கா, தையல் மெசினுக்கு மேலே
நனைந்த நோட்டுகளை நீவி நீவித் தந்தா.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
அவ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.
அன்றைக்குக் கீழே கார்பன் தாள் இருந்ததை
நான் மறந்திருக்கிறேன்.
நாலாயிரத்து இருநூறு ரூபாய் மட்டும் என்பதற்குக் குறுக்கே
மெல்லிய நீலத்தில், என் கையெழுத்தில்:
இன்னொருக்கா எண்ணு.

"கணக்குப் பிழையோ தம்பி?"

ஓம் என்று நாக்கு நுனி வரை வந்தது.
ஒப்பம் வைக்கிற இடத்தைக் காட்டினேன்.